நீரை இலை வெளியேற்றுகிறதா, நீர் வெளியேறுகிறதா?

"தாவரங்கள் தமக்குத் தேவையற்ற நீரை இலைத்துளைகள் வழியாக வெளியேற்றுகின்றன."

இந்த மாதிரி ஒரு வாக்கியம் உங்கள் கண்ணில் படாமல் இருந்திருக்காது. கருத்தறிதல் பகுதியில் வரும். 'மரம் வளர்ப்போம்' கட்டுரையில் வரும். பயிற்சித்தாளில் இலைப் படத்துக்குக் கீழே வரும். எழுத்துப்பிழை இல்லை, ஒருமை பன்மை மயக்கம் இல்லை, எழுவாயும் செயப்படுபொருளும் பயனிலையும் ஒழுங்கா உட்கார்ந்திருக்கு. ஆனால் ஏழு சொற்களில் இரண்டு தவறு. 'தேவையற்ற' ஒன்று, 'வெளியேற்றுகின்றன' இன்னொன்று.

"அறிவியல் ஆசிரியர் பார்த்துக்குவார், நமக்கு மொழிதானே?" என்று நீங்கள் கேட்கலாம். நம் பிள்ளைங்க உயிரியலை ஆங்கிலத்தில் படிக்கிறார்கள். இலையில் வாயு எப்படிப் போய் வருகிறது, அதன் துளை எப்படித் திறக்கிறது என்பதெல்லாம் உயர்நிலை மாணவருக்குத் தெரிந்த செய்தி. அதே மாணவர் அடுத்த பாடவேளைக்கு நம் வகுப்புக்கு வந்து மேலே உள்ள வாக்கியத்தைப் படிக்கிறார். தவறு என்று தெரிகிறது, ஆனால் கேட்க மாட்டார். விடைத்தாளில் அந்த வரியை அப்படியே எடுத்து எழுதி இரண்டு மதிப்பெண் வாங்கிக்கொள்வார். கூடவே, தமிழ் பொங்கலுக்கும் பழமொழிக்கும் போதும், உண்மையான விஷயத்துக்கு ஆங்கிலம்தான் என்று மனசுக்குள் முடிவு கட்டிவிடுவார். இந்த இழப்பு எந்த மதிப்பெண் பட்டியலிலும் தெரியாது. அதனால்தான் இந்த வாக்கிய வகையைக் கொஞ்சம் கறாராகவே விமர்சிக்க வேண்டியிருக்கிறது.

முதலில் 'தேவையற்ற'. ரேஸ்கோர்ஸ் சாலையில் வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டிருப்பீர்கள். ரசம் ஊற்றினால் இலையில் ஊறாமல் ஓடுகிறதே, ஏன்? மேலே மெழுகுப் பூச்சு இருக்கிறது. வெற்றிலை பளபளப்பதற்கும் அதே பூச்சுதான் காரணம். இலை தன் உடம்பு முழுக்க மெழுகு பூசிக்கொள்வது நீர் போய்விடக் கூடாது என்பதற்காக. நண்பகல் வெயிலில் வாழை மரத்தைப் பாருங்கள், நடுநரம்பின் இரண்டு பக்கமும் இலை கீழே மடங்கித் தொங்கும். வெயில் படும் பரப்பைக் குறைத்துக்கொள்கிறது. இவ்வளவு பாடுபட்டு நீரைக் காக்கும் உறுப்பைப் பற்றி 'தேவையற்ற நீர்' என்று எழுதலாமா?

அப்படியானால் நீர் ஏன் போகிறது? உணவு தயாரிக்க இலைக்குக் கார்பன் டை ஆக்சைடு வேண்டும். காற்றில் அது இருப்பது சுமார் 0.04 விழுக்காடு, அதாவது பத்தாயிரத்தில் நான்கு பங்கு. அந்தக் கொஞ்சத்தைப் பிடிக்க இலை திறந்தாக வேண்டும். ஆனால் இலைக்குள் இருக்கும் காற்றிடைவெளிகள் ஏறக்குறைய முழு ஈரத்தோடு இருக்கின்றன. வெளியே? சிங்கப்பூர் ஈரப்பதமான ஊர்தான், விடியும் முன் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டையும் தாண்டும். ஆனால் மழையில்லாத நாளில் பிற்பகலில் 60 அளவுக்கு இறங்கிவிடும். திறந்த துளை வழியே கார்பன் டை ஆக்சைடு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வருவதற்குள் நீராவி கூட்டம் கூட்டமாக வெளியே போய்விடுகிறது. நெல், வாழை போன்ற சாதாரணத் தாவரத்தில் ஒரு கார்பன் டை ஆக்சைடு மூலக்கூற்றுக்குச் சில நூறு நீர் மூலக்கூறுகள் போகின்றன. வேர் உறிஞ்சும் நீரில் பெரும்பகுதி, 95 விழுக்காட்டுக்கும் மேல், இப்படித்தான் போகிறது.

சிராங்கூன் சாலையில் குளிர்சாதனம் போட்ட கடை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் வர வேண்டும் என்று கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள். குளிர்காற்று நடைபாதை வரைக்கும் வருகிறது. அதைப் பார்த்து "கடை தனக்குத் தேவையற்ற குளிர்காற்றை வெளியேற்றுகிறது" என்று நீங்கள் எழுதுவீர்களா? கடைக்காரருக்கு அந்தக் குளிர் தேவை, மின்கட்டணம் கட்டுகிறவர் அவர்தான். வியாபாரத்துக்காக அந்த இழப்பை ஏற்றுக்கொள்கிறார். இலையும் அப்படித்தான். இந்த இழப்பால் கொஞ்சம் பயனும் உண்டு என்பதை மறுக்கவில்லை. நீர் ஆவியாகும்போது இலை குளிர்கிறது, மேலே நீர் போகப் போக வேரிலிருந்து நீரும் தாது உப்பும் மேலே இழுக்கப்படுகின்றன. அதற்காக அது வேண்டாத நீர் ஆகிவிடாது.

இனி வினைச்சொல். தன்வினை, பிறவினை நாம் நடத்துகிற பாடம்தான். திருந்தினான், திருத்தினான். வெளியேறியது, வெளியேற்றியது. 'வெளியேற்றுகிறது' என்றால் ஒருவர் தள்ளுகிறார், இன்னொன்று தள்ளப்படுகிறது. இலை நீராவியைத் தள்ளுவதில்லை. ஈரம் மிகுந்த இடத்திலிருந்து ஈரம் குறைந்த இடத்துக்கு நீராவி தானாகப் பரவுகிறது. 'உள்ளிழுக்கிறது' என்பதிலும் இதே சிக்கல். நமக்கு நெஞ்சு விரிந்து சுருங்குகிறது, அதனால் காற்றை இழுக்கிறோம். இலைக்கு இழுக்கும் உறுப்பே கிடையாது.

சில பகுதிகளில் 'இலையின் வியர்வை' என்று கவித்துவமாக வரும். அதற்குப் பழைய வம்சாவளி உண்டு. 1727இல் வெளிவந்த தன் நூலில், சூரியகாந்திச் செடியைத் தொட்டியோடு எடை போட்டு எவ்வளவு நீர் போகிறது என்று கணக்கிட்ட ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயரும் வியர்த்தலைக் குறிக்கும் சொல்லைத்தான் பயன்படுத்தினார். ஆனால் வியர்வையைச் சுரப்பி சுரக்கிறது, திரவமாக வருகிறது. இலையிலிருந்து போவது ஆவி. பிறவினை பொருந்தும் இடம் ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். விடியற்காலையில் சேம்பு இலை நுனியிலும் புல் நுனியிலும் சொட்டு நீர் நிற்கும். எல்லாவற்றையும் பனித்துளி என்று எழுதிவிடுகிறோம், ஆனால் பல நேரம் அது செடிக்குள்ளிருந்து வந்த நீர். வேரின் அழுத்தம் தள்ளி, இலை விளிம்பில் இருக்கும் வேறு வகைத் துளை வழியாக வருகிறது. அங்கே 'வெளியேற்றுகிறது' என்று தாராளமாக எழுதுங்கள்.

இப்போது கலைச்சொல்லுக்கு வருவோம். தமிழ்நாட்டுப் பாடநூல் 'நீராவிப்போக்கு' என்கிறது. இதை எப்படி விரிப்பீர்கள்? நீராவியின் போக்கு என்றால் ஆறாம் வேற்றுமைத்தொகை, நீராவி தானாகப் போகிறது. நீராவியைப் போக்குதல் என்றால் இரண்டாம் வேற்றுமைத்தொகை, பசியைப் போக்குவது போல யாரோ போக்குகிறார்கள். 'போக்கு' தன்வினையின் பெயராகவும் நிற்கும், பிறவினையாகவும் நிற்கும். நம் வாக்கியத்தில் உள்ள குழப்பம் முழுவதும் இந்த ஒரு சொல்லுக்குள்ளேயே இருக்கு பாருங்க. ஆனால் விடையும் அதிலேயே இருக்கிறது. நடுவில் ஒரு 'ப்' மிகுந்திருக்கிறதே! இரண்டாம் வேற்றுமைத்தொகையில் வல்லினம் பொதுவாக மிகாது (கனி தின்றான்). அஃறிணைப் பெயர் முன்னால் நிற்கும் ஆறாம் வேற்றுமைத்தொகையில் மிகும் (கிளிக்கூடு). விதிவிலக்குகள் இருக்கின்றன, தெரியும். ஆனாலும் இந்தச் சொல்லில் அந்த ஒற்று உயிரியல் பக்கம் நிற்கிறது. சந்தி இலக்கணம் எதற்கு என்று கேட்கும் மாணவருக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

இலங்கைப் பாடநூலில் இதற்கு 'ஆவியுயிர்ப்பு' என்று பெயர். இணையத்தில் பாடக்குறிப்பு தேடினால் இரண்டும் கலந்து வரும், அதனால் நம் மாணவர்கள் இரண்டையும் அறிந்திருப்பது நல்லது. அழகான சொல்தான், ஆனால் 'உயிர்ப்பு' என்றால் மூச்சு. சுவாசம் வேறு, இது வேறு என்று சொல்லிக் கொடுப்பதற்கே நாம் திணறும்போது இந்தச் சொல் இரண்டையும் பக்கத்தில் கொண்டுவந்து வைக்கிறது. இந்த ஒன்றில் என் ஓட்டு தமிழ்நாட்டுக்கு.

துளை விஷயத்தில் என் ஓட்டு மாறுகிறது. தமிழ்நாட்டில் 'இலைத்துளை', இலங்கையில் 'இலைவாய்'. துளை என்றால் என்ன நினைப்போம்? சுவரில் ஆணி அடித்த துளை, புல்லாங்குழல் துளை. தானாகத் திறந்து மூடும் என்ற எண்ணமே வராது. ஆனால் இந்தப் பாடத்தின் உயிரே அந்தத் திறப்பும் மூடலும்தான். 'வாய்' என்றவுடன் அது வந்துவிடுகிறது. மேலை அறிவியலில் இதற்கு வழங்கும் கிரேக்கச் சொல்லுக்கும் வாய் என்றுதான் பொருள். 'இலை வாயால் நீர் குடிக்கிறது' என்று ஒரு பிள்ளை எழுதிவிடுமே என்று பயம் வரலாம். ஆனால் தமிழில் வாய் என்பது முகத்தில் உள்ள உறுப்பு மட்டுமா? கால்வாய், வாய்க்கால், வாயில். இல்வாய் என்பது முன்பின் மாறி வாயில் ஆனதை இலக்கணப்போலி என்று நடத்துகிறோமே, அந்த வாய்தான் இது. இலையின் வாயில். அப்படி விளக்கினால் நீர் குடிக்கும் பேச்சே வராது. தேர்வில் மட்டும், மாணவர்களே, பகுதியில் எந்தச் சொல் இருக்கிறதோ அதையே எழுதுங்கள். இந்தச் சண்டையை விடைத்தாளில் போட வேண்டாம்.

வாயில் என்றதும் காவலர் நினைவு வரும். துளையின் இரு பக்கமும் இருப்பவற்றைக் காப்புச் செல்கள் என்றும் காவற்கலங்கள் என்றும் சொல்கிறோம். இங்கேதான் பல பகுதிகள் கதை சொல்லத் தொடங்கிவிடுகின்றன. 'இரண்டு காவலர்கள் வாசலில் நின்று யாரை உள்ளே விடலாம் என்று முடிவு செய்கிறார்கள்.' கண்ணகியை நிறுத்திய வாயிற்காவலன் மாதிரி! இல்லை. இவை கதவுக்குப் பக்கத்தில் நிற்கும் ஆட்கள் இல்லை, இவையே கதவு. வெளிச்சம் படும்போது பொட்டாசியம் அயனிகள் இந்தச் செல்களுக்குள் சேர்கின்றன. அவற்றைத் தொடர்ந்து சவ்வூடு பரவலால் நீர் உள்ளே வருகிறது, செல்கள் உப்புகின்றன. உப்பினால் துளை அடைபட வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் துளையை ஒட்டிய சுவர் தடிப்பாக இருக்கிறது, எளிதில் நீளாது. செல்லைச் சுற்றி வளையம் வளையமாக இழைகள் வேறு இருக்கின்றன. அதனால் உப்பும்போது இரண்டு செல்லும் வெளிப்புறமாக வளைகின்றன, நடுவில் இடைவெளி விழுகிறது. நீர் வற்றும்போது வேரிலும் இலையிலும் உருவாகும் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் இந்தச் செல்களை எட்டுகிறது. அயனிகள் வெளியேறுகின்றன, நீரும் கூடவே போகிறது, செல்கள் தளர்ந்து ஒட்டிக்கொள்கின்றன.

வகுப்பில் இதைக் காட்ட இரண்டு நீள பலூன் போதும். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் மட்டும் நீளவாக்கில் ஒட்டுநாடா ஒட்டுங்கள். ஒட்டிய பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்க, இரு முனைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஊதச் சொல்லுங்கள். வாய் திறப்பதைப் பிள்ளைங்க கண்ணால் பார்ப்பார்கள். பிறகு "இதை நான்கு வாக்கியத்தில் எழுதுங்க" என்று சொல்லுங்கள். 'உப்பு', 'தளர்', 'வளை' என்று வினைகள் தாமாக வந்து விழும்.

'இலைத்துளைகள் பகலில் திறந்திருக்கும், இரவில் மூடியிருக்கும்.' இதுவும் நிறைய வரும் வாக்கியம். பெரும்பாலான செடிக்குச் சரி. 'எல்லாத் தாவரங்களிலும்' என்று தொடங்கினால் தப்பு. தேக்கா சந்தையில் விற்கும் அன்னாசி இரவில்தான் திறக்கிறது. குளிர்ந்த நேரத்தில் கார்பன் டை ஆக்சைடை வாங்கி மாலிக் அமிலமாகச் சேமித்து வைத்துக்கொண்டு, பகலில் கதவைச் சாத்திவிட்டு உணவு தயாரிக்கிறது. நம் சாலையோரத் தூங்குமூஞ்சி மரங்களின் கிளையில் காசு காசாகச் சிறிய தடித்த இலையோடு ஒரு பெரணி ஒட்டி ஏறியிருக்குமே, அதுவும் இந்த வகைதான். மண்ணே இல்லாமல் மரப்பட்டையில் வாழ்வதற்கு இந்தச் சிக்கனம் வேண்டியிருக்கிறது.

அந்தத் தூங்குமூஞ்சி மரத்தின் மேலேயே இன்னொரு குழப்பம். மாலையிலும் மழைக்கு முன்பும் அதன் சிற்றிலைகள் மடிந்துகொள்ளும். இதையும் இலைத்துளை மூடுவதையும் ஒன்றாக்கி எழுதிய பயிற்சித்தாளைப் பார்த்திருக்கிறேன். மடிவது இலைக்காம்படியில் உள்ள புடைப்பின் வேலை. ஆனால் அங்கேயும் பொட்டாசியமும் நீரும்தான் இடம் மாறுகின்றன, அந்த ஒற்றுமையைச் சொன்னால் மாணவருக்கு ஆர்வம் வரும். புளியமரத்தடியில் இரவில் படுக்கக் கூடாது, மரம் கார்பன் டை ஆக்சைடு விடும் என்று 'அறிவியல் காரணம்' சொல்லும் பகுதிகளைப் பற்றி அதிகம் பேச விரும்பவில்லை. திறந்தவெளியில் அந்த அளவு ஒன்றுமே இல்லை. பக்கத்தில் படுத்திருக்கும் மனிதரும் அதே வாயுவைத்தான் விடுகிறார்.

துளை மூடுவதன் விலை என்ன என்பதை நம் பகுதிகள் கேட்பதே இல்லை. இதுதான் என் பெரிய குறை. 2014ஆம் ஆண்டை ஆசிரியர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஜனவரி 13 முதல் பிப்ரவரி 8 வரை 27 நாள் வறட்சி. அந்தப் பிப்ரவரி, 1869 முதல் உள்ள பதிவுகளில் மிக வறண்ட மாதம். வீவக அடுக்குமாடிகளுக்கு நடுவே இருந்த புல்வெளிகள் பழுப்பாகிக் கிடந்தன. அப்படிப்பட்ட நாளில் இலைவாய் மூடிக்கொண்டால் நீர் மிஞ்சும், சரி. ஆனால் கார்பன் டை ஆக்சைடும் வராது, உணவு குறையும், இலை சூடேறும். தாகமா, பசியா என்ற நெருக்கடி அது.

விடைக்குறிப்பைப் பாருங்கள். 'இலைத்துளைகள் ஏன் மூடுகின்றன?' என்ற வினாவுக்கு 'நீர் இழப்பைத் தடுக்க' என்று ஒரே வரி இருக்கும். 'ஆனால் அப்போது உணவு தயாரிப்பும் குறையும்' என்று கூடுதலாக எழுதிய மாணவருக்கு ஒன்றும் கிடைக்காது. குறிப்பில் இல்லாததை எழுதியதற்காகச் சுழிக்கப்பட்டாலும் ஆச்சரியமில்லை. சிந்தித்த பிள்ளைக்கும் வரியைப் பெயர்த்து எழுதிய பிள்ளைக்கும் ஒரே மதிப்பெண் என்றால், அந்த வினா எதைச் சோதிக்கிறது?

குறை சொல்லிவிட்டுப் போவது எளிது. அதனால் அதே செய்தியை நான் எழுதினால் எப்படி இருக்கும் என்று கீழே தருகிறேன். வேண்டுமானால் எடுத்துப் பயன்படுத்துங்கள், திருத்தியும் கொள்ளுங்கள்.

"இலையின் மேல் மெழுகுப் பூச்சு உண்டு. அதனால் உள்ளே இருக்கும் நீர் எளிதில் வெளியேறாது. ஆனால் உணவு தயாரிக்கக் கார்பன் டை ஆக்சைடு உள்ளே வந்தாக வேண்டும். அதற்காகப் பகலில் இலை தன் துளைகளைத் திறந்துகொள்கிறது. கார்பன் டை ஆக்சைடு உள்ளே பரவும் அதே வழியில் நீராவி வெளியே போய்விடுகிறது. வேர் தரும் நீர் போதாதபோது துளைகள் மூடிக்கொள்கின்றன. அப்போது நீர் மிஞ்சுகிறது, உணவு குறைகிறது."

கடினமான சொல் ஒன்றும் இல்லை. 'பரவும்', 'போய்விடுகிறது' என்று வாயுவும் நீரும் தன்வினையில் வருகின்றன. இலைக்கு 'திறந்துகொள்கிறது', துளைக்கு 'மூடிக்கொள்கின்றன'. 'கொள்' என்ற துணைவினை இங்கே பெரிய உதவி செய்கிறது. 'முடிவு செய்கிறது', 'விரும்புகிறது' என்று இலைக்கு மனசு வைக்காமலேயே, தன் நலனுக்காகத் தானே செய்வது என்ற பொருளைக் கொடுத்துவிடுகிறது. 'போய்விடுகிறது' என்பதில் உள்ள 'விடு' இழப்பைச் சொல்கிறது. துணைவினை நடத்தும்போது 'சாப்பிட்டுவிட்டான், எழுதிக்கொண்டான்' என்று வெறும் வாக்கியம் கொடுப்பதற்குப் பதில் இந்தப் பத்தியைக் கொடுத்துப் பாருங்கள்.

வினாவையும் மாற்றலாம். 'துளைகள் மூடிக்கொள்வதால் இலைக்குக் கிடைப்பது என்ன, கிடைக்காமல் போவது என்ன?' இரண்டு மதிப்பெண்ணுக்கு இரண்டு செய்தி, குறிப்பிலும் இரண்டு வரி. திறமையான வகுப்பாக இருந்தால் இன்னும் ஒன்று கேளுங்கள்: இதே பத்தியை அன்னாசிக்கு மாற்றி எழுதுக. மெழுகு வாக்கியத்தில் கை வைக்க வேண்டியதில்லை. 'பகலில்' என்பது 'இரவில்' ஆகும். அதோடு நிறுத்திவிட்டால் பத்தி நிற்காது, ஏனென்றால் இரவில் வெயில் இல்லை, உணவு தயாரிக்க முடியாது. வாங்கிய கார்பன் டை ஆக்சைடு விடியும் வரை எங்கே இருந்தது என்று சொல்ல ஒரு புது வாக்கியம் வேண்டும். எந்த மாணவர் அந்த வாக்கியத்தைச் சேர்க்கிறார் என்று பாருங்கள்.